தேரி மண்ணும் கோகோபீட் கட்டியும்: ஒன்றரை வருஷம் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

உடன்குடிப் பக்கம் தேரி மண்ணில் வீடு கட்டி, பின்னால் கிடக்கிற ஏழு சென்ட்டில் காய்கறி போட்டு வருகிறேன். தேங்காய் நார்க்கழிவை அழுத்திச் செய்த 5 கிலோ கோகோபீட் கட்டி இதுவரை பதினான்கு வாங்கியாயிற்று, இரண்டு இடத்தில். மணல் மண்ணுக்கு இதுதான் மருந்து, தண்ணீர் பாதி மிச்சம் என்று அட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் அதை மட்டும் வாங்கிப் போட்டால் பாதிக் காசு மண்ணுக்குள் போனது போனதுதான்.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது. சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை சிவப்பாகக் கிடக்கிறதே, அதுதான் தேரி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செம்மண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செம்மண் இல்லை, மணல். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு துருப்பிடித்த மாதிரி ஒட்டியிருப்பதால் வந்த சிவப்பு அது, உள்ளே இருப்பது வெறும் குவார்ட்ஸ். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் ஒழுகிவிடும். மழையும் வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை எங்களுக்கு வெறும் காற்றாகத்தான் வந்து சேருகிறது. ஆனி, ஆடியில் அந்தக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும்.

மண்ணைக் குறை சொல்லவில்லை. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் அந்தத் தேரி மண்ணை அள்ளிக்கொண்டுபோய் வீட்டிலும் வயலிலும் போட எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது. தேரியில் பெய்கிற மழை ஓடையாக ஓடி வீணாவது குறைவு, நேராக உள்ளே இறங்கிவிடும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இத்தனை மணலுக்கு நடுவில் தண்ணீர் எங்கே போய் இருக்கிறது என்று. பனைக்கு அது போதும், வேர் தேடிப் போய்க் குடித்துக்கொள்ளும். கத்தரிச் செடிக்கும் வெண்டைக்கும் வேர் ஒரு முழம் போவதே பெரிது, அதற்குள் தண்ணீர் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

இது ஒரு கஷ்டம். இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் வெகு நாள் கவனிக்கவில்லை. நாலைந்து மாதம் மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த பாத்தியில், முக்கியமாக வேப்ப மரத்துக்கு அடியில் இருந்த பாத்தியில், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் புழுதியைப் பூசிக்கொண்டு முத்து முத்தாக உருண்டு ஓரத்துக்கு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து விரலை விட்டுப் பார்த்தால் மேலே ஒரு விரற்கடை ஈரம், அதற்குக் கீழே பவுடர் மாதிரி புழுதி. நான் அதுவரை குடம் குடமாக ஊற்றியதில் எவ்வளவு செடிக்குப் போயிருக்கும் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. காரணம் இதுதான்: இலைதழை மக்கும்போது அதிலிருக்கிற மெழுகு மாதிரியான பொருள் மணல் துகள் மேல் படிந்துவிடுகிறது. களிமண் துகள் மிக நுண்ணியது, கைப்பிடி களிமண்ணுக்குள் பரப்பளவு ஏராளம், அதில் கொஞ்சம் மெழுகு பட்டால் ஒன்றும் ஆகாது. மணல் துகள் பெரியது, மொத்தப் பரப்பு கொஞ்சம்தான், துளி மெழுகே முழுவதையும் மூடிவிடும். நன்றாகக் காய்ந்ததும் மண் தண்ணீரைத் தள்ள ஆரம்பிக்கும். உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். காய்ந்த மண்ணைச் சமன் செய்து ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். ஐந்து விநாடிக்குள் இறங்கினால் சரி. சொட்டு அப்படியே பளபளவென்று உட்கார்ந்திருந்தால் உங்கள் மண்ணுக்கும் இந்தக் குணம் வந்துவிட்டது.

சரி, கட்டிக்கு வருகிறேன்.

முதல் மூன்று கட்டியும் பக்கத்து ஊர் விதைக்கடை ஒன்றில் வாங்கினேன். உப்பு நீக்கியது என்று எழுதியிருந்தது. ஊறவைத்து, அப்படியே முதல் பாத்தியில் கலந்து கத்தரி நாற்று நட்டேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாகச் சுருண்டுவிட்டது. நாற்பது நாற்று வைத்ததில் பாதிக்கு மேல் போயிற்று. வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன், இன்னும் மோசமானது. அப்புறம்தான் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கி, மிச்சமிருந்த நார்க்கழிவில் ஒரு கைப்பிடியை மழைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன்: 1,400க்கு மேல் காட்டியது. கழுவாத சரக்கு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடிய உப்பு இருக்கிறது, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூடும். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கம்பெனியில் வருவதைத்தான் விற்கிறோம் என்றார், அதோடு முடிந்தது.

இரண்டாவது முறை நார் மில்லுக்கே நேராகப் போய், கழுவின சரக்கு, கழுவாத சரக்கு இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லி வாங்கினேன். கட்டி 180 ரூபாய். இதில் அதே சோதனைக்கு 250 பக்கம்தான் வந்தது. அதனால் வாங்குகிறவர்கள் அட்டையில் ஈசி அளவு (இதுவும் உப்பைக் காட்டுகிற அளவுதான்) 0.5க்குக் கீழே என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போட்டிருந்தாலும் ஒரு கட்டி மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். மீட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை, செத்த நாற்றின் விலையை விடக் குறைவு.

கழுவாத கட்டி வாங்கிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், வீட்டிலேயே கழுவலாம். ஆனால் எங்கள் பக்கம் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் போர் தண்ணீரே 1,800 காட்டும். உப்புத் தண்ணீரில் உப்பைக் கழுவி என்ன பயன்? தாமிரபரணிக் குடிநீர்க் குழாயில் வருகிற தண்ணீரைச் செடிக்குக் கழுவப் பிடித்து ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் செய்தது, உதிர்த்த நார்க்கழிவைப் பழைய சாக்கில் கட்டி ஐப்பசி மழையில் திறந்த வெளியில் வைத்துவிட்டேன். நாலு நல்ல மழை பெய்ததும் சாக்கின் அடியிலிருந்து கட்டன் சாயா நிறத்தில் வடிந்துகொண்டிருந்த தண்ணீர் தெளிந்துவிட்டது, மீட்டரிலும் 300க்குக் கீழே வந்துவிட்டது. கார்த்திகையில் அதையே பாத்திக்குப் பயன்படுத்தினேன்.

கட்டி ஊறுவதைப் பார்ப்பது எனக்கு இன்னமும் பிடித்த வேலை. செங்கல்லைப் போல இறுகிக் கிடக்கிற கட்டியைப் பெரிய டப்பில் வைத்து நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய சத்தம் வரும், பக்கவாட்டில் ஏடு ஏடாக வெடிக்கும், அப்புறம் ஓரங்கள் உப்பி உதிர்ந்து, அரை மணி நேரத்தில் டப் நிறைய ஈரப் பொடி, மழை பெய்த தென்னந்தோப்பு வாசனையோடு. அட்டையில் 75 லிட்டர் வரும் என்கிறார்கள், எனக்கு 60, 65 லிட்டர்தான் வந்தது. அள்ளிப் பிழிந்தால் விரல் வழியாகத் தண்ணீர் ஒழுகும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்று சொல்வது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வந்தது காற்று மாதத்தில். கோகோபீட் மட்டும் கலந்த பாத்தியின் மேல்பக்கம் காய்ந்ததும், அது இலேசாகி மணலிலிருந்து பிரிந்து காற்றோடு போக ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பழுப்புப் பொடியாகக் குவிந்து கிடந்தது. தண்ணீர் வேகமாக ஊற்றினால் மிதந்து ஓரத்தில் ஒதுங்கியது. நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், மணலைப் பிடித்து வைக்காது. அதைச் செய்ய மண்ணில் கொஞ்சமாவது களி வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது பக்கத்து விளையில் முருங்கை போட்டிருக்கிற அண்ணாச்சி. வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மண்ணு எவ்வளவு ஊத்தினாலும் வாங்கிக்கிடும், மறுநாள் கேட்டா இல்லம்பான். ஒரு லோடு கரம்பை அடிச்சுப் போடுங்க, அப்புறம் உங்க தூளைப் போடுங்க" என்றார். கரம்பை என்றால் களி கலந்த குளத்து வண்டல். அவருடைய அப்பா காலத்தில் மாட்டு வண்டியில் கோடையில் குளத்திலிருந்து அடித்துப் போடுவார்களாம். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருவதால் விவசாயிகள் குளத்து வண்டலை விலையில்லாமல் எடுக்க முடிகிறது, புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை, கிட்டத்தட்ட 30 டிராக்டர் லோடு. எனக்குத் தேவைப்பட்டது ஒரே லோடு. ஏற்றுக்கூலி, டிராக்டர் வாடகை சேர்த்து 2,200 ரூபாய் ஆயிற்று. பதினான்கு கட்டிக்கு நான் கொடுத்ததை நினைத்தால் இது மலிவு.

கரம்பையை அப்படியே கொட்டிப் பரப்பிவிடாதீர்கள். ஒருவர் அப்படிச் செய்து, மழை பெய்ததும் மேலே ஓடு மாதிரி இறுகி வெடித்து, தண்ணீர் அதன் மேலேயே ஓடிப்போனதைப் பார்த்தேன். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்து, உடைந்த தூளை மணலோடு முக்கால் அடி ஆழம் வரை கொத்திக் கலக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை, நான் ஒரு பாத்திக்கு ஒரு முழுக் காலைப்பொழுது எடுத்துக்கொண்டேன். கோரைக்கிழங்கும் சீமைக்கருவேல விதையும் கரம்பையோடு கூடவே வரும், முளைத்ததும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் தண்ணீரைத் தள்ளுகிற மணல் நிலங்களுக்குக் களிமண் கொண்டுவந்து கலப்பது பெரிய அளவில் நடக்கிறது என்று பின்னால் படித்தபோது, அண்ணாச்சி சொன்னதும் அதுவும் ஒன்றுதானே என்று சந்தோஷமாக இருந்தது. மெழுகு பூசின மணல் துகளைக் களித் துகள் மூடிவிடுகிறது, தண்ணீருக்கு ஒட்ட இடம் கிடைக்கிறது.

எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க நாலு பாத்தி போட்டேன், ஒவ்வொன்றும் பத்தடிக்கு நாலடி. நாலுக்கும் ஆட்டுப் புழுக்கை ஒரே அளவு. ஒன்றில் வேறு எதுவும் இல்லை. ஒன்றில் மூன்று கட்டி கோகோபீட் மட்டும். ஒன்றில் கரம்பை மட்டும் பன்னிரண்டு சட்டி. கடைசியில் கரம்பை பன்னிரண்டு சட்டியும் இரண்டு கட்டி கோகோபீட்டும். நாலிலும் ஒரே நாளில் கத்தரி நட்டேன்.

நடுவதற்கு முன்னால் பாட்டிலிலும் ஒன்று செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு துணி, அதன் மேல் ஒரு லிட்டர் மண். வெறும் தேரி மண் ஒன்றில், கடைசிப் பாத்திக் கலவை இன்னொன்றில். இரண்டிலும் அரை லிட்டர் தண்ணீர். வெறும் மண்ணில் ஊற்றி முடிப்பதற்குள் கீழே ஒழுக ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் 260 மில்லி வந்துவிட்டது. கலவையில் முதல் சொட்டு விழவே ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 130 மில்லி. மீதித் தண்ணீர் மேலே அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. என் மகள் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, இதுதான் கனமாக இருக்கிறது என்றாள்.

வயலிலும் அதே கதைதான். பங்குனி வெயிலில் வெறும் பாத்திக்குக் காலையும் மாலையும் ஊற்றினாலும் மூன்று மணிக்கு இலை தொங்கிவிடும். கோகோபீட் பாத்திக்குத் தினம் ஒரு வேளை. கரம்பைப் பாத்தியும் அப்படித்தான், ஆனால் காற்று மாதத்தில் அது கோகோபீட் பாத்தியை விட நன்றாக நின்றது. இரண்டும் கலந்த பாத்திக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சொட்டு நீர்க்குழாய் போட்டவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: மணலில் சொட்டுக்குக் கீழே ஈரம் கம்பி மாதிரி நேராக இறங்கும், பக்கத்தில் பரவாது. வெறும் பாத்தியில் ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஈரம் போகவில்லை, கலவைப் பாத்தியில் ஒன்றரைச் சாணைத் தாண்டியது. செடிக்கு அந்த அரைச் சாண் பெரிய வித்தியாசம்.

தண்ணீர் பாதி மிச்சம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே, கரம்பையோடு சேர்ந்தால் அது நடக்கிறது. தனியாக, என் மண்ணில், காற்று மாதம் வந்ததும் அது நிற்கவில்லை.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மக்காத நார்க்கழிவில் செடிக்குச் சொல்லும்படியான சத்து இல்லை, அது மக்க ஆரம்பித்தால் மண்ணிலிருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். கரிமமும் தழைச்சத்தும் அதில் 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற முறையில், ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் இரண்டு மாதம் வைத்தால் அது 24க்கு 1 வரை இறங்குகிறது. டன் கணக்கில் போடுகிறவர்கள் அப்படி மக்கவைத்தே போடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு நான் கட்டிக்கு ஒரு சட்டி மண்புழு உரம் கலந்து பதினைந்து நாள் ஈரமாக மூடி வைத்துவிடுகிறேன், வெளிறல் நின்றுவிட்டது. இன்னொன்று, ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதும் கொத்திப் பார்த்தால் நார்க்கழிவின் அளவு கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது, திரும்பப் போட வேண்டும். கரம்பை போட்டது போட்டபடி இருக்கிறது.

எதைப் போட்டாலும் மூடாக்கு இல்லாவிட்டால் எங்கள் வெயிலுக்குத் தாங்காது. நான் காய்ந்த பனையோலையைக் கிழித்து மூன்று விரல் கனத்துக்குப் பரப்புகிறேன், காற்றுக்குப் பறக்காமல் மேலே மட்டையை வைக்கிறேன். தண்ணீர் ஊற்றும்போதும் ஒரேயடியாக ஊற்றுவதில்லை. முதலில் ஒரு சின்னச் செம்பு, மண் நனைகிற அளவுக்கு மட்டும், பத்து நிமிஷம் விட்டு மீதியை ஊற்றுகிறேன். காய்ந்த மண்ணும் காய்ந்த கோகோபீட்டும் முதல் தண்ணீரைத் தள்ளும், ஒரு தடவை நனைந்துவிட்டால் அடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

தண்ணீரை உறிஞ்சி ஊதுகிற ஹைட்ரோஜெல் ஒரு பாக்கெட்டும் வாங்கிப் பார்த்தேன். மழைத் தண்ணீரில் போட்டால் ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி ஊதுகிறது, என் போர் தண்ணீரில் அதில் பாதிகூட ஊதவில்லை, உப்புத் தண்ணீரில் அது அப்படித்தான். நல்ல தண்ணீர் இருக்கிறவர்கள் முயற்சி செய்யலாம். தென்னை வைத்திருப்பவர்களுக்குக் கட்டியே தேவையில்லை, மரத்தைச் சுற்றிக் குழி எடுத்துத் தேங்காய் மட்டையை மல்லாக்க வைத்து அடுக்கி மூடினாலே வருஷக்கணக்கில் ஈரம் நிற்கும். மாடித் தோட்டக்காரர்கள் கோகோபீட்டைத் தயங்காமல் வாங்கலாம், தொட்டிக்கு அதன் இலேசுதான் அழகு.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், கழுவின சரக்குக்கு கரம்பையோடு சேர்த்துப் போட்டால் நாலு, தனியாகப் போட்டால் இரண்டரை. கழுவாததை உப்பு நீக்கியது என்று சொல்லி விற்பதற்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன்.

இந்த மழைக்கு முன்னால் வேப்ப மரத்தடிப் பாத்திக்கும் கரம்பை அடித்தாயிற்று. இரண்டு கட்டி ஊறிக்கொண்டிருக்கிறது. போன வாரம் அங்கே சொட்டு வைத்துப் பார்த்தேன், மூன்று எண்ணுவதற்குள் இறங்கிவிட்டது.